அன்வர் பாஷா வீடு தயார் நிலைக்கு வந்த வரலாறு

செஞ்சிக் கோட்டையைப் பிடிக்க வந்த படைகள் வருஷக்கணக்கில் மலையடிவாரத்தில் கூடாரம் அடித்துக் கிடந்தன என்பார்கள். அவர்களுக்காவது அது அடுத்தவன் கோட்டை. சப்ளையர்ஸ் கடை அன்வர் பாஷா, எண்பத்து நாலாம் வருஷத்துக் கத்திரி வெயிலில், ராஜகிரி மலையடிவாரத்தில் தன் சொந்த வீட்டுக்கு எதிரே சாமியானா போட்டுக்கொண்டு, எப்போது உள்ளே விடுவார்கள் என்று காத்துக் கிடந்தார். இத்தனைக்கும் வீட்டுச் சாவி அவர் இடுப்பில்தான் இருந்தது.

எல்லாம் மூட்டைப்பூச்சியால் வந்த வினை. கல்யாணம் காதுகுத்துக்கு ஜமக்காளம், நாற்காலி, அண்டா, பெட்ரோமாக்ஸ் விளக்கு வாடகைக்கு விடுவது பாஷாவின் தொழில். எந்த வீட்டு விசேஷத்துக்கு ஜமக்காளம் போனாலும், திரும்பி வரும்போது அந்த வீட்டு மூட்டைப்பூச்சியில் நாலு குடும்பம் கூடவே வந்துவிடும். இப்படிச் சுற்றுவட்டாரத்து ஊர்ப் பூச்சிகளெல்லாம் ஜாதி மதம் பாராமல் பாஷா வீட்டில் சம்பந்தம் பண்ணிக்கொண்டு பெருகின. வீட்டாருக்கும் பழகிவிட்டது. மனைவி பக்ருன்னிசா சொறிந்துகொண்டே தூங்குவாள். இளைய மகள் முன்னி தூங்கிக்கொண்டே சொறிவாள்.

மூத்தவள் சாகிரா ஆரணியில் வாழ்க்கைப்பட்டவள். அவளுக்குத் தலைப்பிரசவம். பெண்ணை என்றைக்கு அழைத்துக்கொள்வது என்று பேசுவதற்காகச் சம்பந்தியம்மாவே ஒரு நாள் செஞ்சிக்கு வந்தாள். வயிறாரச் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சற்றுக் கண்ணயர்ந்தாள். அதுதான் தப்பாய்ப் போயிற்று.

“இன்னா அண்ணே இது, கட்டிலா, முள்ளுப் படுக்கையா?” என்று எழுந்து உட்கார்ந்தாள். “எருமை மாதிரி இருக்கற நானே தாங்கல. பச்சப் புள்ளய இதுல எப்படிப் போடறது? இந்த வீட்டுக்கு நான் சாகிராவ அனுப்ப மாட்டேன். பிரசவம் எங்கூட்டுலயே நடக்கட்டும்.”

தலைப்பிரசவத்துக்குப் பெண் தாய்வீட்டுக்கு வரவில்லை என்றால் ஊர் என்ன சொல்லும் என்பது இருக்கட்டும். தன் மகளின் முதல் பிள்ளையை முதலில் யாரோ தூக்குவார்கள் என்ற நினைப்பைத்தான் பாஷாவால் தாங்க முடியவில்லை. பக்ருன்னிசா அன்றைக்குச் சோறு உண்ணவில்லை.

அந்த நேரம் பார்த்துத்தான் தெருவில் ஒலிபெருக்கி கட்டிய வேன் ஒன்று போயிற்று. மாநில மூட்டைப்பூச்சி ஒழிப்புக் கழகம். ‘மூட்டை ஒழிந்தால் முன்னேற்றம்! வீட்டைத் தயார் செய்யுங்கள், மற்றதைக் கழகம் செய்யும்!’ வேனின் பக்கவாட்டில், மருந்தடித்த வீட்டு நிலைப்படியில் குத்தப்படும் வட்ட முத்திரையைப் படமாக வரைந்திருந்தார்கள். சம்பந்தியம்மா அதைப் பார்த்தாள்.

“அந்த ரவுண்டு முத்திரை உங்க நிலப்படியில விழட்டும் அண்ணே. மறுநாளே நானே புள்ளய கூட்டினு வரேன்” என்று சொல்லிவிட்டு ஆரணி பஸ்ஸைப் பிடித்தாள்.

பாஷா கழகத்துக்கு ஓடினார். ஓடிய வேகத்திலேயே அதிகாரியும் வந்துவிட்டதுதான் ஆச்சரியம். கள அலுவலர் கோதண்டராமன் ஜீப்பில் வந்து இறங்கினார். பின்னால் உதவியாளர் வீராசாமி, மருந்தடிக்கும் இயந்திரத்தை முதுகில் சுமந்துகொண்டு. இயந்திரத்துக்குப் பாலிதீன் உறை கூடப் பிரிக்கவில்லை. கோதண்டராமன் வாசற்படி ஏறவில்லை. பூச்சி இருக்கும் வீட்டுக்குள் கழக ஊழியர்கள் நுழையக் கூடாது என்று விதி இருக்கிறதாம். தெருவில் நின்றபடியே வீட்டை மேலும் கீழும் பார்த்தார்.

“பாஷா, இந்த வீடு தயாரா இல்ல. வீட்டுக்குள்ள ஒரு பொருளும் இருக்கக் கூடாது. ஒரு உணவும் இருக்கக் கூடாது. ஒரு உயிரினமும் இருக்கக் கூடாது. காலி பண்ணிட்டுச் சொல்லுங்க” என்றார்.

காலி பண்ணினார்கள். கட்டில், பீரோ, அரிசிப் பானை, ஊறுகாய் ஜாடி, துணிமணி, மலை போல் குவிந்திருந்த ஜமக்காளம், அத்தனையும் எதிரே இருந்த பாறைமேல் ஏறின. வாடகைக்கு விடும் சாமியானாவையே பிரித்துப் போட்டுக் குடும்பம் அதன் கீழே குடியேறியது. அங்கேதான் சமையல், அங்கேதான் தூக்கம். சாமியானாவைப் பார்த்தால் ஜனங்கள் சும்மா போவார்களா? தளவானூர்க்காரர்கள் இரண்டு பேர் தோளில் துண்டைப் போட்டுக்கொண்டு வந்து, யார் தவறிப்போனது என்று துக்கம் விசாரித்தார்கள். வேறு சிலர் கைகழுவிவிட்டு வந்து, முதல் பந்தி எப்போது என்று கேட்டார்கள். பக்ருன்னிசா இரண்டு தரப்புக்கும் மோர் கொடுத்து அனுப்பினாள்.

கோதண்டராமன் மறுபடி வந்து, சன்னல் வழியே உள்ளே எட்டிப் பார்த்தார்.

“சுவத்துல பல்லி இருக்குது.”

“பல்லி எல்லா வீட்லயும் இருக்கும் சார்.”

“பல்லியும் உயிரினம்தானே? அதுக்கு ஏதாவது ஆச்சுன்னா நான் பதில் சொல்லணும்.”

பாஷா விளக்குமாறும் கையுமாகப் பல்லிகளை ஒவ்வொன்றாகத் துரத்தினார். ஒன்று பாதி தூரம் வந்து வாலைக் கழற்றிப் போட்டுவிட்டு மறுபடி உள்ளே ஓடியது. அடுத்த முறை கோதண்டராமன் உத்தரத்தில் ஒரு குருவிக்கூட்டைக் கண்டுபிடித்தார். உள்ளே குஞ்சுகள் இருந்தன. குஞ்சுகளுக்கு இறகு முளைத்து, பறக்கப் பழகி, அவை தாமாகவே வெளியேறும் வரை செஞ்சியில் கழகப் பணிகள் நிறுத்திவைக்கப்பட்டன. பாஷா தினமும் காலையில் சன்னலண்டை நின்று, ‘பறந்து போங்க கண்ணுங்களா’ என்று கெஞ்சுவார். தாய்க்குருவி அவரைப் பார்த்துக் கத்தும். அதன் வீடு, அது கத்தும்.

குருவிகள் போன பிறகு சுவரில் ஆணி அடித்த ஓட்டைகள் வந்தன. ஓட்டையில் பூச்சி ஒளியும், அடைத்துவிட்டு வெள்ளையடிக்கச் சொன்னார் கோதண்டராமன். பாஷா வெள்ளையடித்தார். ஈரச் சுவரில் மருந்து ஒட்டாது, காயட்டும் என்றார். காய்ந்தது. தரையில் வெடிப்பு இருக்கிறது, பூசச் சொன்னார். பாஷா பூசினார். அந்த வீடு கட்டிய காலத்தில்கூட அவ்வளவு லட்சணமாக இருந்ததில்லை. வாசலில் நின்று பார்க்கும்போது, இந்த வீட்டில் யாருக்குக் குடியிருக்கக் கொடுத்து வைத்திருக்கிறதோ என்று பாஷாவுக்கே பொறாமையாக இருந்தது.

அண்டா வாடகைக்குக் கேட்டு வந்த மேல்சித்தாமூர் அப்பாண்டை நைனார், சாமியானா நிழலில் உட்கார்ந்து இந்தக் கதையை முழுக்கக் கேட்டார். அவர் ஜைனர். எறும்பை மிதித்துவிட்டால்கூட வருத்தப்படுகிற மனிதர்.

“உயிரக் கொல்றதுக்குன்னே ஒரு ஆபீஸா, நியாயமான்னு மொதல்ல எங்க ஊர்ல கொஞ்சம் சங்கடமாத்தான் இருந்துது பாய்” என்றார். “அப்புறம் விசாரிச்சுப் பாத்தோம். இதுநாள் வரைக்கும் அந்தக் கழகத்தால ஒரு பூச்சிக்கும் ஒரு கெடுதலும் வந்ததில்லையாம். எங்க அகிம்சையெல்லாம் அவங்க பக்கத்துல நிக்க முடியாது.”

ஆரணியிலிருந்து சேதி மேல் சேதி வந்தது. சாகிராவுக்கு எட்டு மாசம் முடிந்துவிட்டது. கால் வீங்கியிருக்கிறது. ‘அம்மா எப்பக் கூட்டினு போவாங்க’ என்று கேட்டு அழுகிறாள். பாஷா கழகத்துக்கு நடந்த நடையில் செருப்பு தேய்ந்தது. கடைசியில் ஒரு நாள் கோதண்டராமன் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டார். சுவரைத் தட்டினார், தரையைத் தடவினார், முகம் மலர்ந்தது.

“பாஷா, இப்பத்தான் வீடு தயார் நிலைக்கு வந்திருக்குது. சரி, பூச்சியைக் காட்டுங்க.”

“எந்தப் பூச்சி சார்?”

“இன்னாய்யா இப்படிக் கேக்கற? மூட்டைப்பூச்சி. உயிரோட ஒரு பூச்சியைப் பாத்தாத்தானே மருந்து அடிக்க முடியும்? பூச்சியே இல்லாத வீட்டுல மருந்து அடிச்சா அது அரசாங்கச் சொத்தை வீணாக்கின மாதிரி.”

பாஷா பாறைக்கு ஓடினார். கட்டிலைக் கவிழ்த்தார், ஜமக்காளத்தை உதறினார். கத்திரி வெயிலில் செஞ்சிப் பாறை எப்படிக் கொதிக்கும் என்று ஊராருக்குத் தெரியும், தோசையே வார்க்கலாம். இத்தனை நாளும் அதன்மேல் கிடந்த சாமான்களில் ஒரு பூச்சி மிச்சமில்லை. வற்றிக் காய்ந்து, ஊதினால் பறந்தன.

“எல்லாம் வெயில்லயே செத்துப்போச்சு சார்!” பாஷாவுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. “முத்திரையை மட்டும் குத்திடுங்க சார். எம் பொண்ணு வந்துடும்.”

கோதண்டராமனுக்கு நிஜமாகவே வருத்தம். “கழகத்தைக் கேக்காம வெயில் செய்ததுக்கெல்லாம் நான் முத்திரை குத்த முடியுமா? மருந்து அடிக்காம முத்திரை குத்தினா அது மோசடி. பூச்சி இல்லாம மருந்து அடிச்சா அது வீண்செலவு.”

“அப்ப சாமானையெல்லாம் உள்ள எடுத்துனு போயிடறேன் சார். பூச்சிதான் இல்லையே.”

“பொருள் உள்ள வந்தா வீடு தயார் நிலையிலிருந்து விலகிடும். அப்புறம் மொதல்ல இருந்து ஆரம்பிக்கணும். யோசிச்சுக்குங்க.”

பாஷா யோசித்தார். மூட்டைப்பூச்சி ஒழிய வேண்டும் என்று அவ்வளவு நாள் அல்லாவிடம் கேட்ட மனிதர், இப்போது ஒரே ஒரு மூட்டைப்பூச்சிக்காகத் தெருத்தெருவாய் அலைந்தார். கடைவீதி பாண்டுரங்கனின் சலூன் பெஞ்சில் ஒன்று கிடைத்தது. பாண்டுரங்கன் நல்ல மனிதர், கொழுத்ததாகப் பார்த்துத் தீப்பெட்டியில் போட்டுக் கொடுத்தார். பாஷா அதைக் குழந்தை போல் ஏந்திக்கொண்டு வந்தார்.

கோதண்டராமன் தீப்பெட்டியைத் திறந்து பார்த்து, மூடினார்.

“இது இந்த வீட்டுப் பூச்சி இல்ல.”

“பூச்சியில இந்த வீடு அந்த வீடுன்னு இன்னா சார் இருக்குது?”

“இதுக்கு இந்த வீட்டுல சாப்பாடு இல்ல, தூக்கம் இல்ல, குட்டி இல்ல. நேத்து வந்த பூச்சியைக் காட்டி மருந்து அடிச்சுக்கலாம்னா நாளைக்கு ஊர்ல ஒரே பூச்சியை வீட்டுக்கு வீடு காட்டுவாங்க. குடியிருக்கற பூச்சியா இருக்கணும்.”

“அதுக்கு யாராவது உள்ள குடியிருக்கணும் சார். நீங்கதான் யாரையும் விட மாட்டேன்றீங்களே.”

இது நியாயமான கேள்வி என்று கோதண்டராமனுக்கே பட்டது. ஆகவே தலைமையிடத்தோடு கலந்து பேசி ஒரு வழி கண்டுபிடித்தார். வீட்டுக்காரர்கள் உள்ளே இருந்தால் வீடு காலி ஆகாது. கழகத்தார் இருந்தால் அது ஆய்வு. பூச்சி கடிக்கிறதா இல்லையா என்று கழக ஊழியர்களே தங்கள் உடம்பைக் கொடுத்து உள்ளே உட்கார்ந்து பார்ப்பது என்று முடிவாயிற்று. மறுநாளே தலைமை அலுவலகத்திலிருந்து லாரியில் பிரம்பு நாற்காலிகள் வந்தன. பிறகு மேசை, இரும்பு பீரோ, மண்பானை, காலண்டர். அடைத்துப் பூசிய சுவரில் வீராசாமி புதிதாக ஆணி அடித்துக் கடிகாரம் மாட்டினான். ஒரு வாரத்தில் வாசலில் போர்டு தொங்கியது: ‘மாநில மூட்டைப்பூச்சி ஒழிப்புக் கழகம், செஞ்சிக் கிளை.’ இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பது பழமொழி. இங்கே இடமும் யாரும் கொடுக்கவில்லை.

“நல்ல காத்தோட்டமான வீடு பாஷா. நீங்க கொடுத்து வச்சவரு” என்று கோதண்டராமன் சன்னல் வழியே பாராட்டினார். பாஷா சாமியானாவுக்குள் இருந்து கும்பிட்டார்.

“கும்பிடறத நிறுத்துங்க” என்றாள் பக்ருன்னிசா. “வீடும் போச்சு. பொண்ணும் வரல. உங்க கை மட்டும் கீழ எறங்க மாட்டேன்னுது.”

பாஷா கையை இறக்கினார்.

கிளை திறப்பு விழாவுக்குக் கழக இயக்குநரே வருவதாக அறிவிப்பு வந்தது. விழாவுக்குச் சாமியானா வேண்டும் என்று பாஷா குடும்பத்தின் தலைக்கு மேலே இருந்ததையே அவிழ்த்துக்கொண்டு போனார்கள். ‘ஸ்டேட் ஆபீசரே பாஷா பாய் வீட்டுக்கு வர்றாராம்’ என்ற சேதி பஸ் கண்டக்டர் வாய்வழியாக ஆரணி வரை போயிற்று. முத்திரை குத்தத்தான் அவ்வளவு பெரிய மனிதர் வருகிறார் என்று சம்பந்தியம்மா முடிவு செய்தாள். மாசமும் நிறைந்துவிட்டது. சாகிராவை மெல்லக் கிளப்பிக்கொண்டு அவளும் பஸ் ஏறினாள். இது பாஷாவுக்குத் தெரியாது.

விழா நாள் காலை. இயக்குநர் ஒரு மாலையும் ஒரு எலுமிச்சம்பழமும் வாங்கிக்கொண்டு, பாஷா வீட்டு நடுக்கூடத்தில், இருப்பதிலேயே பெரிய பிரம்பு நாற்காலியில் அமர்ந்தார். வரவேற்புரைகள் நீண்டன. பிறகு எழுந்தார்.

“பெரியோர்களே, தாய்மார்களே! மருந்து அடிப்பது யாரால் முடியாது? ஒரு பம்பு இருந்தால் பாமரனும் அடிப்பான். வீட்டைத் தயார் செய்வதுதான் விஞ்ஞானம். நம் கழகம் தொடங்கிய நாள் முதல் எத்தனை ஆயிரம் வீடுகளைக் காலி செய்திருக்கிறோம், எண்ணிப் பாருங்கள்! நமக்குத் தரப்பட்ட மருந்து டிரம்முகள் இன்றுவரை மூடி திறக்கப்படாமல் அப்படியே இருக்கின்றன. ஒரு சொட்டு வீணாகியிருக்குமா? இந்தச் சிக்கனம் வேறு எந்தத் துறையில் உண்டு? சிலர் கேட்கிறார்கள், பூச்சி ஒழிந்ததா என்று.” இங்கே இயக்குநர் தொடையைச் சொறிந்தார். “பூச்சி ஒழிந்துவிட்டால், தோழர்களே, பூச்சி ஒழிப்புக் கழகம் என்ன ஆகும்? இத்தனை ஊழியர்களின் குடும்பங்கள் என்ன ஆகும்?” முதுகைச் சொறிந்தார். “ஆகவே நாம் அவசரப்பட மாட்டோம். நிதானமாக...”

நிதானமாக என்ற சொல்லோடு ஒரு குதி குதித்தார். வேட்டியை உதறினார். வெள்ளை வேட்டியிலிருந்து, வெள்ளையடித்த சுவரின் பக்கமாக, சிவப்பாக ஒன்று ஊர்ந்து போனதைக் கூட்டம் முழுக்கப் பார்த்தது. பெண்கள் பக்கம் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். அது முன்னிதான்.

“சார், பூச்சி!” என்று பாஷா கத்தினார். அவ்வளவு நாள் தேடியதாயிற்றே, ஓடிப்போய் உள்ளங்கையில் பிடித்துவிட்டார். “உசுரோட இருக்குது சார்!”

இயக்குநர் கோதண்டராமனைப் பார்த்தார். “இது எந்த வீட்டுப் பூச்சி?”

“சார், நாற்காலி நம்ம தலைமை அலுவலகத்துல இருந்து வந்தது சார். உங்க அறையிலதான் இருந்துது.”

ஊர் பார்த்துக்கொண்டிருக்கிறது. இயக்குநர் மாலையைச் சரிசெய்துகொண்டார். பிறகு, “அப்படியானால் இது கழகத்தின் பூச்சி. கழகத்தின் கிளை எங்கே இருக்கிறதோ அதுவே அதன் குடியிருப்பு. ஆய்வு வெற்றி. உடனே மருந்து அடியுங்கள்!” என்றார். கைதட்டல் வந்தது.

விதி விதிதானே. ஒரு பொருளும், ஒரு உயிரினமும் உள்ளே இருக்கக் கூடாது. மேசை வெளியே போயிற்று. பீரோ போயிற்று. பிரம்பு நாற்காலிகள், பானை, கடிகாரம், எல்லாம் தெருவுக்கு வந்தன. மாலையோடு இயக்குநரும் வந்தார். வீராசாமி இயந்திரத்தின் பாலிதீன் உறையைப் பல்லால் கடித்துக் கிழித்தான்.

அந்தச் சமயம் ஒரு குதிரை வண்டி கூட்டத்தைக் கிழித்துக்கொண்டு வந்து நின்றது. உள்ளே சாகிரா, வண்டியின் பக்கக் கட்டையை இறுக்கிப் பிடித்தபடி, “அம்மா... அம்மா...” என்று அரற்றிக்கொண்டிருந்தாள். பஸ்ஸிலேயே வலி கண்டுவிட்டது. ஆஸ்பத்திரி வரை தாங்காது என்று சம்பந்தியம்மா வண்டியை நேரே இங்கே விடச் சொல்லியிருந்தாள்.

பக்ருன்னிசா யாரையும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. மகளைத் தாங்கிக்கொண்டு, கோதண்டராமனை முழங்கையால் ஒதுக்கிவிட்டு, காலியாய்க் கிடந்த வீட்டுக்குள் போனாள். பக்கத்துத் தெரு மருத்துவச்சி வள்ளியம்மாள் விழாவுக்கு வந்திருந்தவள், புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னாலேயே போனாள். முன்னி வெந்நீர்ப் பானையோடு ஓடினாள். கதவு சாத்திக்கொண்டது. வாசற்படியில் சம்பந்தியம்மா இரண்டு கையையும் விரித்து நின்றாள்.

“அம்மா, இது அரசாங்க அலுவலகம்” என்றார் இயக்குநர்.

“எந்த ஆம்பளையாவது இந்தப் படி ஏறினா காலை ஒடிப்பேன்” என்றாள் சம்பந்தியம்மா. முத்திரையைப் பற்றி அவள் கேட்கவே இல்லை.

கழகம் வெயிலில் நின்றது. பாஷா பாறையண்டை போய் நின்று, உள்ளேயிருந்து மகள் அலறும்போதெல்லாம் தன் சட்டை நுனியைப் பிடித்து முறுக்கினார். துவா ஓத வாய் வரவில்லை. ‘என் பொண்ணு, என் பொண்ணு’ என்பதுதான் வந்தது.

பிறகு அந்த அழுகைச் சத்தம் கேட்டது. வெறும் சுவரில் பட்டுக் கணீரென்று தெருவரை வந்தது. பாஷா அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

கோதண்டராமன் இயக்குநரின் காதருகே குனிந்தார். “சார், உள்ள ஒரு உயிரினம் இருக்குது.”

“என்ன வயது?”

“இப்பத்தான் சார் ஆரம்பம்.”

இயக்குநர் தலையை ஆட்டினார். ஒரு வயது நிறையாத குழந்தை இருக்கும் வீட்டில் மருந்து அடிக்கக் கூடாது என்பது அவரே போட்ட விதி. வீராசாமி கிழிந்த உறையை எடுத்து இயந்திரத்துக்கு மறுபடி போர்த்தினான். பிரம்பு நாற்காலிகளையும் அவற்றில் குடியிருப்பவர்களையும் லாரியில் ஏற்றினார்கள். போர்டும் இறங்கியது.

கோதண்டராமன் பாஷாவிடம் வந்தார். மனம் நொந்திருந்தார்.

“இவ்வளவு தூரம் தயார் பண்ணிட்டுக் கடைசியில இப்படிப் பண்ணிட்டீங்களே பாஷா. சரி, அடுத்த வருஷம் குழந்தைக்கு ஒரு வயசு ஆனதும் வர்றோம். அதுவரைக்கும் வீட்டை இதே நிலையில வச்சிருங்க.”

பாஷா எழுந்து முகத்தைத் துடைத்துக்கொண்டார். இந்த முறை கும்பிடவில்லை.

“மெதுவா வாங்க சார், அவசரமே இல்ல. அதுக்குள்ள முன்னிக்கும் நல்ல எடமாப் பாத்து முடிச்சிடுவேன். இனிமே இந்த வீட்ல வருசத்துக்கு ஒரு கைக்குழந்தையாவது இருக்கற மாதிரி பாத்துக்கறோம்.”

“அப்படின்னா ஒவ்வொரு தடவையும் முன்கூட்டியே கழகத்துக்குத் தெரியப்படுத்திடுங்க” என்று சொல்லிவிட்டுக் கோதண்டராமன் ஜீப்பில் ஏறினார்.

பாஷா சரி என்றார். பிறகு வாசலில் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு, தன் வீட்டுக்குள் போனார்.